எண்ணிக்கை குறைவு என்று எங்களிடம் சொல்லாதீர்கள்: ஒரு பள்ளி முதல்வருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும் பள்ளி ஆலோசனைக் குழு உறுப்பினர்களுக்கும்,

அடுத்த ஜனவரியிலிருந்து சிங்கப்பூரில் உள்ள உங்கள் பள்ளி வளாகத்தில் தமிழ் வகுப்பு நடக்காது, தமிழ் படிக்கும் மாணவர்கள் பள்ளி முடிந்தபின் வெளியே ஒரு மையத்துக்குப் போய்ப் படிக்க வேண்டும் என்று, பள்ளிகள் பெற்றோருக்குச் செய்தி அனுப்பும் செயலியான பேரன்ட்ஸ் கேட்வேயில் நீங்கள் அனுப்பிய அறிவிப்பைப் படித்தேன். காரணம் என்று ஒரே ஒரு வரி: மாணவர் எண்ணிக்கை குறைவு. கீழே, படித்துவிட்டேன் என்று அழுத்த ஒரு பொத்தான். அழுத்தினேன். ஒப்புக்கொண்டேன் என்று அதற்கு அர்த்தமில்லை.

உங்களுக்கு ஆங்கிலத்தில் எழுதியது தனியே மின்னஞ்சலில் வந்திருக்கும். அதையே தமிழில் பொதுவில் வைக்கிறேன், ஏனென்றால் இது உங்கள் பள்ளியோடு முடிகிற சங்கதி இல்லை. இதே அறிவிப்பை வேறு பள்ளிகளிலும் பெற்றோர் வாங்கியிருப்பார்கள், இனியும் வாங்குவார்கள். பள்ளியின் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் மறுநாள் வகுப்பில் எல்லாரும் என் மகளைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். இப்போது அவளுடைய தமிழ் வகுப்பு நான்காம் மாடியின் கடைசி அறையில் நடக்கிறது. அது வேறொரு வகுப்பின் அறை. பெற்றோர் சந்திப்பின்போது அங்கே உட்கார்ந்து பார்த்தேன். வெண்பலகையில் முக்கால்வாசிக்கு மேல் யாரோ கணக்குப் பாடக் குறிப்பு எழுதி, சுற்றிக் கட்டம் போட்டு, தயவுசெய்து அழிக்காதீர்கள் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். மிச்சமிருந்த ஒரு முழ அகலத்தில் தமிழாசிரியர் வினையெச்சம் நடத்தியிருக்கிறார். வரி பாதியில் மடங்கி, மடங்கி, தரை வரைக்கும் இறங்கியிருந்தது. கடைசி எடுத்துக்காட்டை அவர் குனிந்துதான் எழுதியிருக்க வேண்டும். அதே அறையில், அதே நேரத்தில், ஜி2, அதைவிடக் கடினமான ஜி3, அதற்கும் மேலான உயர்தமிழ் என்று மூன்று பாட நிலைப் பிள்ளைகளையும் அவரே பார்க்கிறார். இதையெல்லாம் பற்றி இதுவரை நாங்கள் யாரும் உங்களிடம் வந்து முறையிட்டதில்லை. வகுப்பு என்று ஒன்று இருக்கிறதே, போதும் என்றுதான் இருந்தோம். இப்போது அந்த ஒரு முழத்தையும் எடுத்துக்கொள்கிறீர்கள்.

விளக்கம் கேட்டுத் தொலைபேசியில் அழைத்தபோது, பள்ளியிலிருந்து பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். வாரத்தில் சில பிற்பகல்கள்தானே, மற்றப் பள்ளிப் பிள்ளைகளும் இப்படித்தானே போகிறார்கள் என்றார். சரி, அந்தப் பிற்பகல் எப்படியிருக்கும் என்று பார்ப்போம்.

தாய்மொழி வகுப்புகள் எல்லாமே கால அட்டவணையில் ஒரே நேரத்தில் வருகின்றன. சீனமும் மலாயும் படிப்பவர்கள் தங்கள் அறைகளுக்குப் பிரிந்து போவார்கள். தமிழ்ப் பிள்ளைகள்? நூலகத்தில் உட்கார்ந்து சுயமாகப் படிப்பார்கள் என்று உங்கள் அறிவிப்பின் இணைப்பில் இருக்கிறது. ஆக, மற்றவர்கள் தாய்மொழி படிக்கும் நேரத்தில் என் மகள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். மற்றவர்கள் இசைக்குழுவுக்கும் பந்துக்கும் ஓடும் நேரத்தில் அவள் பேருந்து பிடித்து, எம்ஆர்டி ரயில் மாறி, தமிழ் படிக்கப் போக வேண்டும். அவள் பள்ளி இசைக்குழுவில் கிளாரினெட் வாசிக்கிறாள். பயிற்சி நாளும் மைய வகுப்பு நாளும் மோதுகின்றன. இசைக்குழு மாதிரியான இணைப்பாட நடவடிக்கைக்குப் புள்ளி உண்டு, பொறுப்புகள் உண்டு, தொடக்கக்கல்லூரிக்குப் போகும்போது அது கணக்கில் வரும். இசைக்குழு ஆசிரியர் அவளிடம் கேட்டிருக்கிறார்: அடுத்த ஆண்டு முழுசாக வர முடியுமா, இல்லையென்றால் இடத்தை வேறொருவருக்குக் கொடுக்கலாமா? கேட்டதில் தப்பில்லை. குழுவை நடத்துகிறவர் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அன்று இரவு சாப்பாட்டு மேசையில் என் மகள் என்னிடம் கேட்டது இது: “அம்மா, நான் தமிழை விட்டுட்டு வேற ஏதாச்சும் எடுக்க முடியுமா?”

தமிழ் அவளுக்குக் கசக்கவில்லை. கிளாரினெட்டா தமிழா என்று ஒரு பிள்ளையை நிற்க வைத்தால் அப்படித்தான் கேட்பாள். பாடத்திட்டம் என்றால் பாடநூலும் தேர்வுத்தாளும் மட்டும் என்று நினைக்கிறோம். எந்தப் பாடம் எந்த நேரத்தில், எந்த அறையில், எதற்குப் போட்டியாக வைக்கப்படுகிறது என்பதையும் பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்தப் பாடத்துக்குத் தேர்வு கிடையாது, மறக்கவும் மறக்காது.

இனி உங்கள் ஒற்றை வரிக் காரணத்துக்கு வருகிறேன். எண்ணிக்கை குறைவு. உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குறைவு மழை குறைந்த மாதிரி தானாக வந்ததில்லை.

என் அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தை ஒட்டிய குடியிருப்பில் வளர்ந்தவர். தளத்தில் வேலை செய்த தமிழரும் மலையாளிகளும் நிறைந்த இடம் அது. அங்கே தமிழ்ப் பள்ளிக்கு ஆள் தேட வேண்டிய நிலை இருந்ததில்லை என்பார். 1971-இல் பிரிட்டிஷ் படைகள் கிளம்பின. பலர் ஊருக்குத் திரும்பினார்கள், மற்றவர்கள் அடுக்குமாடிகளுக்குப் பிரிந்து போனார்கள். வேலை ஆங்கிலத்தில் இருந்ததால் பெற்றோர் ஆங்கிலப் பள்ளியைத் தேடினார்கள், அதில் யாரைக் குறை சொல்வது? 1946-இல் தொடங்கப்பட்டு, பின்னாளில் தீவின் ஒரே தமிழ்வழி உயர்நிலைப்பள்ளியாக இருந்த உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி 1982-இல் மூடப்பட்டது. 1987-க்குள் எல்லாப் பள்ளிகளும் ஆங்கிலத்தை முதல் மொழியாகக் கொண்டுவிட்டன.

அப்புறம் 1989. வீவக வீடுகளுக்கு, அதாவது அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடுகளுக்கு, இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. இந்தியர்களும் இதர இனத்தவரும் சேர்ந்து ஒரு புளோக்கில், அதாவது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், 13 விழுக்காட்டுக்கு மேல், ஓர் அக்கம்பக்கத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு. 2010-இல் அதை 15, 12 என்று உயர்த்தினார்கள். நானும் என் கணவரும் வீடு தேடியபோது ஈசூனில் அப்பா அம்மா வீட்டுப் பக்கத்திலேயே பார்த்தோம். பிடித்த வீடு ஒன்று அமைந்தது, விலையும் படிந்தது. அந்த புளோக்கில் இந்தியர் ஒதுக்கீடு நிரம்பிவிட்டது, வாங்க முடியாது என்றார் முகவர். அதனால்தான் பொங்கோலுக்கு வந்தோம், அதனால்தான் என் மகள் உங்கள் பள்ளியில் இருக்கிறாள்.

இந்தக் கொள்கையை எதிர்த்து நான் எழுதவில்லை. 1964 இனக் கலவரங்களின்போது என் பாட்டி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்த கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். கலந்து வாழ்வது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். குடியிருப்பாளர்களில் இந்தியர்கள் ஏறத்தாழ 9 விழுக்காடு. அதில் இந்தி, பஞ்சாபி, வங்காளம், குஜராத்தி, உருது எடுக்கும் பிள்ளைகளைக் கழியுங்கள். மிச்சமுள்ளவர்களைத் தீவு முழுக்கப் பரவலாகத் தூவுங்கள். பல பள்ளிகளில் ஒரு வகுப்பறை நிறையாது. எங்களைப் பரவலாகக் குடியிருக்கச் சொன்னது கொள்கை. பரவிய பிறகு, நீங்கள் இங்கே போதுமான பேர் இல்லையே என்று சொல்கிறது பள்ளி. முதலாவது நாட்டின் நன்மைக்கு என்றால், அதற்கு ஆகும் செலவையும் நாடுதான் ஏற்க வேண்டும். பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளையின் பிற்பகலில் அதைக் கழிக்கக் கூடாது.

தமிழைப் படிப்பதா வேண்டாமா என்பதும் எங்கள் விருப்பத்தில் விடப்பட்ட ஒன்றல்ல. 1965-இல் மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் நான்கும் அதிகாரத்துவ மொழிகள் என்று சட்டத்தில் எழுதப்பட்டது. 1966-இலிருந்து உயர்நிலைப்பள்ளிகளில் இரண்டாம் மொழி கட்டாயம். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயில் நான்கு பாடங்களில் ஒன்று தாய்மொழி, மற்ற மூன்றுக்குச் சமமான எடை. உள்ளூர்ப் பல்கலைக்கழக நுழைவுக்கும் தாய்மொழியில் குறைந்தபட்சத் தகுதி கேட்கிறார்கள். கட்டாயம் என்று சொன்ன பாடத்தை, விரும்பினால் வெளியே போய்ப் படித்துவிட்டு வா என்கிற தோரணையில் வைப்பது எப்படிப் பொருந்தும்?

2010-இல் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பிஎஸ்எல்இயில் தாய்மொழியின் எடையைக் குறைக்கலாம் என்று ஒரு பேச்சு வந்தது. பெற்றோர் கொதித்தார்கள், மனுவில் கையெழுத்துத் திரட்டினார்கள், குறைக்கப்போவதில்லை என்று அரசாங்கம் தெளிவுபடுத்தியது. முன்னால் நின்றவர்களில் பெரும்பாலோர் சீன மொழிக்காகப் பேசியவர்கள். பலன் எங்களுக்கும் கிடைத்தது, நன்றிதான். அதில் ஒரு பாடமும் இருக்கிறது. பாடத்திட்டத்தில் எது நிற்கும், எது போகும் என்பதைக் கல்வியாளர்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை. எத்தனை பேர் சத்தம் போடுகிறார்கள் என்பதும் தீர்மானிக்கிறது. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று ‘தமிழ் முரசு’ நாளிதழின் தமிழவேள் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டியபோது கொடுத்தவர்களில் கூலி வேலை செய்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் கேட்காமல் இருந்திருந்தால் அந்த இடம் தானாக வந்திருக்காது. இன்று உங்கள் பள்ளியில் சத்தம் போட நாங்கள் சில குடும்பங்கள்தான் இருக்கிறோம். அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்துக்குள் தமிழ் இருந்தால் என்ன, வெளியே இருந்தால் என்ன என்று கேட்கலாம். எங்கள் அனுபவத்தில் வித்தியாசம் பெரிது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. 2010-இல் 3.3. இதே பத்தாண்டில் ஆங்கிலம் 32.3-இலிருந்து 48.3-க்கு ஏறியது. எங்கள் வீடும் இந்தக் கணக்கில் அடக்கம்தான். அக்காவும் தம்பியும் சண்டை போடுவது ஆங்கிலத்தில், சமாதானம் ஆவதும் ஆங்கிலத்தில். ஆங்கிலம் பிழைப்புக்கு, தாய்மொழி பண்பாட்டுக்கு என்று நாம் பல காலம் பிரித்து வைத்ததன் விளைவு இது. பொங்கல் பானையைப் பற்றித் தமிழில் பத்து வரி எழுதுவாள். இசைக்குழுவில் யாரோ தாளம் தப்பியதைத் தமிழில் சொல்லச் சொன்னால் திணறுவாள்.

அந்தத் திணறலை உடைத்தது நான்காம் மாடியின் கடைசி அறைதான். பள்ளியில் கைப்பேசி விதியைக் கடுமையாக்கியபோது, தமிழாசிரியர் பாடநூலை மூடி வைத்துவிட்டு, அந்த விதி சரியா தவறா என்று பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்துப் பேச வைத்திருக்கிறார். என் மகள் சரி என்ற அணியில் மாட்டிக்கொண்டாள், அவளுக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை. தாத்தாவிடம் போய், “தாத்தா, பறிமுதல் பண்றதுக்கு அவங்களுக்கு என்ன உரிமை இருக்கு?” என்று ஆரம்பித்தாள். பறிமுதல், உரிமை, கட்டுப்பாடு, இதெல்லாம் அன்றுதான் அவள் வாயில் முதல்முறை கேட்டேன். தாத்தா வேண்டுமென்றே எதிர்க்கட்சி பேசினார். இருவரும் அன்று தூங்கப் போக நேரமாகிவிட்டது.

அந்த வாக்குவாதம் நடந்ததற்குக் காரணம், அந்த விதி அவர்கள் எல்லாருக்கும் பொதுவான விதி. அந்தப் பள்ளியின் கான்டீன், அந்தப் பள்ளியின் ஒழுங்கு ஆசிரியர், அந்தப் பள்ளியின் வம்பு. பள்ளிக்குள் இருக்கும்போது தமிழ் அந்த வாழ்க்கையைப் பேசும் மொழியாகிறது. மையங்களைக் குறைத்து மதிப்பிடவில்லை. என் தோழிகள் சிலர் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்தில் படித்தவர்கள், நல்ல தமிழ் பேசுகிறார்கள், அங்கே கிடைத்த நட்பு இன்றும் தொடர்கிறது. தமிழ் சொல்லித்தர வழியே இல்லாத பள்ளிகளின் பிள்ளைகளுக்கு அப்படியோர் இடம் பெரிய துணை. உங்கள் பள்ளியில் வழி இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார், பல ஆண்டாக வகுப்பு நடந்திருக்கிறது. இருப்பதை எடுத்துவிட்டுத் துணையைத் தேடிப் போ என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கொஞ்சம் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் இன நல்லிணக்க நாளுக்கு எங்கள் பிள்ளைகள் வேண்டும். தாய்மொழி இருவார நிகழ்ச்சிக்கு மருதாணி போட, கோலம் போட, மேடையில் ஒரு நடனம் ஆட வேண்டும். தீபாவளி அலங்காரத்துக்குக் கூப்பிட்டால் வகுப்பு நேரத்திலேயே அனுப்புகிறீர்கள். பள்ளியின் இணையப்பக்கத்தில் முதல் படத்தில் பாவாடை தாவணி கட்டிய பெண்பிள்ளை சிரிக்கிறாள். படம் எடுக்கும்போது எண்ணிக்கை குறைவாகத் தெரிவதில்லை. பாடம் நடத்தும்போது மட்டும் தெரிகிறது.

ஆசிரியர் பற்றாக்குறை, நேரம், பணம் என்ற சிக்கல்கள் உங்களுக்கு இருக்கும். ஒரு சிறு வகுப்புக்கு ஒரு முழுநேர ஆசிரியரை வைத்திருப்பது கணக்குப்படி வீணாகத் தெரியலாம். இந்தி, பஞ்சாபி படிக்கும் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் போய்ப் படிக்கிறார்களே என்றும் யாராவது சொல்வார்கள். அவர்களுடைய பெற்றோர் படும் பாட்டை நான் அறிவேன். ஒருவர் படும் கஷ்டத்தைக் காட்டி இன்னொருவரையும் கஷ்டப்படச் சொல்வது நியாயமாகாது. வேண்டுமானால் அவர்களுக்கும் சேர்த்துக் கேட்கிறேன்.

நான் கேட்பவை இவைதான்.

இந்த முடிவை அடுத்த ஓராண்டுக்கு நிறுத்தி வையுங்கள். நவம்பர் விடுமுறை தொடங்கும் முன் தமிழ் படிக்கும் மாணவர்களின் பெற்றோரை அழைத்துப் பேசுங்கள். ஆலோசனைக் குழுவிலிருந்து ஒருவராவது அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும், தமிழாசிரியரும் இருக்க வேண்டும். அவர் உங்கள் ஊழியர் என்பதால் வாய் திறக்கத் தயங்குவார். பேசச் சொல்லி நீங்களே கேளுங்கள்.

நம் பள்ளியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இன்னும் இரண்டு உயர்நிலைப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கேயும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர்தான் இருப்பார்கள். பிள்ளைகளை நகர்த்துவதற்குப் பதில் ஓர் ஆசிரியர் பள்ளிகளுக்கு இடையே போய்வர முடியுமா, தாய்மொழி நேரத்தை அதற்கேற்ப மாற்றி அமைக்க முடியுமா என்று உங்கள் பள்ளிக் குழுமத்தின் கண்காணிப்பாளரிடம் கேளுங்கள். கேட்டீர்களா, என்ன பதில் வந்தது என்பதை எங்களுக்குத் தெரிவியுங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்று தெரிய வேண்டும்.

எல்லாம் பார்த்தபின்னும் பிள்ளைகள் மையத்துக்குத்தான் போக வேண்டும் என்றால், மைய வகுப்பு நாளில் இணைப்பாட நடவடிக்கைக்கு வராததை வருகைப் பதிவில் குறையாக எழுதக் கூடாது. அதைக் காரணம் காட்டிப் பொறுப்புகளை மறுக்கக் கூடாது. இசைக்குழுப் பயிற்சி நாளை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். நூலகத்தில் வீணாகும் அந்த நேரத்தை அவர்களுக்குப் பயனுள்ளதாக ஆக்குங்கள், அல்லது அந்த அளவுக்கு முன்னதாகவே பள்ளியை விட்டுக் கிளம்ப அனுமதியுங்கள். போய்வரப் பள்ளியே ஒரு வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும், குறைந்தது உயர்நிலை ஒன்று, இரண்டு மாணவர்களுக்காவது.

வகுப்பு தொடர்ந்தால், அறையை மாற்றித் தாருங்கள். அதுவும் முடியாவிட்டால் பலகையில் பாதியையாவது தமிழுக்கென்று ஒதுக்குங்கள்.

அடுத்த தாய்மொழி இருவாரத்தில் எங்கள் பிள்ளைகள் மேடையில் என்ன செய்ய வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். கைப்பேசி விதியைப் பற்றித் தமிழில் ஒரு பட்டிமன்றம் என்று அவர்கள் சொன்னால், ஆங்கிலத் துணைவரிகள் போட்டுப் பள்ளி முழுவதும் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள்.

மையத்தில் பதிவு செய்யும் கடைசி நாளுக்கு முன் உங்கள் பதில் எங்களுக்குக் கிடைக்க வேண்டும். எழுத்தில் வேண்டும், ஆங்கிலத்தில் இருந்தாலும் சரி. அதுவரை என் மகளின் பதிவுப் படிவத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை.

இப்படிக்கு,
உயர்நிலை இரண்டு மாணவி ஒருவரின் தாய்,
பொங்கோல், சிங்கப்பூர்